வாகனப் பக்கம்: பந்தயக் காருக்கு முதற் காசை எங்கே போடுவது?

"மகன் பகுதிநேர வேலையில் வருகிற காசையெல்லாம் காருக்குள் கொட்டுகிறான். சைலன்சரை மாற்றுகிறான், காரைப் பதிக்கிறான், இரவிரவாகக் கராஜுக்குள் நிற்கிறான். என்ன செய்கிறாய் என்று கேட்டால், உங்களுக்கு விளங்காது அப்பா என்கிறான்."

இப்படிச் சொல்லும் பெற்றோரை ஸ்காபுறோவிலும் மார்க்கத்திலும் ஏஜக்ஸிலும் நாம் அடிக்கடி காண்கிறோம். புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களில் இந்தக் கவலை இன்னும் கூட. கார் அப்பாவின் பெயரில் பதிவாகியிருக்கும். காப்புறுதியும் அவர் பெயரில் இருக்கும். அதற்குள் என்ன மாற்றம் நடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

காரைப் பந்தயத் திடலுக்கு ஏற்றபடி சீர்செய்வது என்றால் என்ன, எதை முதலில் மாற்றவேண்டும், எதை மாற்றவே கூடாது, அதை எங்கே ஓட்டலாம் என்பவற்றை இம்முறை பார்ப்போம். பெற்றோர் இதை வாசிக்கவேண்டும். வாசித்தபின் பிள்ளையின் கையிலும் கொடுக்கவேண்டும்.

எமக்கு இது புதிதல்ல

எஞ்சினைப் பிரித்து மாற்றுவது ஏதோ இந்த நாட்டுப் பொடியன்கள் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதானது. அப்போது எமது ஊர் மெக்கானிக்குகள் என்ன செய்தார்கள்? ஏ 40 ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணுவது, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. மோட்டார் சைக்கிளில் சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு ஓடியவர்களும் உண்டு.

இது ஏன் சாத்தியமாயிற்று என்பதை விளங்கிக்கொண்டால் எஞ்சினைப் பற்றிப் பாதி விளங்கிவிடும். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால்தான் முதலில் பெற்றோல் தேவைப்பட்டது. சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைப் பிஸ்ரன் அமுக்குகிறது. எவ்வளவு அதிகமாக அமுக்குகிறதோ அவ்வளவு வலு கிடைக்கும். ஆனால் அளவுக்கு மிஞ்சி அமுக்கினால், தீப்பொறி வருமுன்னரே எரிபொருள் தானாக வெடித்துப் பிஸ்ரனைத் தட்டும். மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது. பழைய மொறிஸ் எஞ்சின்கள் குறைந்த அமுக்கத்தில் ஓடுபவையாக இருந்தபடியால் தப்பிக்கொண்டன. அதற்கும் விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்தது. அடிக்கடி ஒயில் மாற்றாதவர்களின் எஞ்சின் கெதியில் தேய்ந்தது.

எரிபொருளை மாற்றினால் ஒயிலையும் கவனிக்கவேண்டும் என்பதை ஊர் மெக்கானிக் அனுபவத்தில் அறிந்திருந்தார். ரொறன்ரோவில் ஹொண்டா சிவிக்கைப் பந்தயத்துக்குத் தயார்செய்யும் பிள்ளைக்கும் இதே பாடம்தான். ஒன்றை மாற்றினால் அதனோடு சேர்ந்த இன்னொன்று பராமரிப்புக் கேட்கும்.

எந்த ஒழுங்கில் மாற்றுவது?

பெரும்பாலான பிள்ளைகள் எஞ்சினில் தொடங்குகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் அதைக் கடைசியாகச் செய்வார்கள். ஒழுங்கு இதுதான்: முதலில் பழுதுபார்ப்பு, பிறகு பிறேக், பிறகு ரயர், அதன்பின் சஸ்பென்ஷன், எல்லாம் சரியானபின் எஞ்சின். இவற்றுக்கு இடையில், எந்தக் கட்டத்திலும், ஓட்டப் பழகுவதற்கு ஒரு பங்கு காசு.

பழுதுபார்ப்பை ஏன் முதலில் சொல்கிறோம்? இங்கே குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். 1990களின் சிவிக் கார்களை இன்றும் பிள்ளைகள் தேடி வாங்குகிறார்கள். வெளியே பெயின்ற் பளபளக்கும். அடியில் சஸ்பென்ஷன் பூட்டும் இடம் துருப்பிடித்து உதிரும். அப்படியான உடம்பில் விலையுயர்ந்த ஸ்பிறிங் பூட்டுவது உக்கிய வளையில் புதுக் கூரை போடுவது போன்றது. வாங்குமுன் காரை உயர்த்தி அடியைப் பார்க்கவேண்டும்.

அடுத்தது பிறேக். ஓடும் காருக்குள் இருக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும் கார் 140இல் ஓடினால் வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனால் நிற்பாட்ட வேண்டிய சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தச் சக்தி முழுவதும் பிறேக்கில் வெப்பமாக மாறுகிறது. திடலில் ஒவ்வொரு வளைவுக்கும் இப்படி அழுத்தினால், சாதாரண பிறேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். குமிழி வந்தால் பிறேக் மிதி நிலம் வரை போகும், கார் நிற்காது.

டொட் 3 என்ற பிறேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் உறிஞ்சியபின் அது 140 பாகைக்கு இறங்கிவிடலாம். டொட் 4க்கு இந்த அளவுகள் 230உம் 155உம். பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே திடலுக்குப் போகுமுன் பழைய எண்ணெயை வடித்துப் புதியதை விடுவதுதான் முழுக் காரிலும் மலிவான, உயிர்காக்கும் சீர்திருத்தம். அதோடு வெப்பம் தாங்கும் பிறேக் பாட்டுகளும் வேண்டும்.

மூன்றாவது ரயர். எத்தனை குதிரைவலு எஞ்சினாக இருந்தாலும் வீதியைத் தொடுவது நான்கு உள்ளங்கையளவு றப்பர் மட்டுமே. வளைவில் வேகத்தைத் தருவது அதுதான். நல்ல கோடைகால ரயர் நான்கைப் போட்டால், எஞ்சினைத் தொடாமலே ஒரு சுற்றில் பல செக்கன்கள் மிச்சமாகும். கடுங்குளிரில் இந்த ரயர் கல்லுப்போல் இறுகிவிடும். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்குமுன் கழற்றிவைக்க வேண்டும்.

சஸ்பென்ஷன் என்ன செய்கிறது?

பலர் நினைப்பதுபோல் சஸ்பென்ஷன் இருப்பது சொகுசுக்காக மட்டும் அல்ல. நான்கு ரயரையும் எப்போதும் நிலத்தோடு ஒட்டி வைத்திருப்பதுதான் அதன் முதல் வேலை.

இதில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஸ்பிறிங் காரின் பாரத்தைத் தாங்குகிறது. சொக் அப்சோபர் அந்த ஸ்பிறிங் துள்ளாமல் அடக்குகிறது. ஸ்பிறிங்கில் சேரும் சக்தியை உள்ளே இருக்கும் எண்ணெய் வெப்பமாக மாற்றிவிடுகிறது. மூன்றாவது, இடது சில்லையும் வலது சில்லையும் இணைக்கும் இரும்புத் தண்டு. வளைவில் கார் ஒரு பக்கம் சாய்வதை அது குறைக்கிறது.

வளைவில் நடப்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். கார் 1100 கிலோ என்று வைப்போம். அதன் பாரமையம் நிலத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடையே 150 சென்ரிமீற்றர். நேராகப் போகும்போது ஒவ்வொரு பக்கமும் 550 கிலோ. காரின் பாரத்துக்குச் சமமான விசையோடு ஒரு வளைவை எடுத்தால், 1100ஐ 50ஆல் பெருக்கி 150ஆல் பிரிக்க வேண்டும். ஏறத்தாழ 367 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். வெளிப்பக்கச் சில்லுகள் 917 கிலோவைத் தாங்க, உள்பக்கத்தில் 183 கிலோ மட்டுமே மிஞ்சும். பாரம் இரண்டு மடங்காகும்போது ரயரின் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடும். ஆகவே பாரம் ஒரு பக்கம் போகப்போக மொத்தப் பிடிப்புக் குறைகிறது.

இப்போது காரை 5 சென்ரிமீற்றர் பதித்தால்? அதே கணக்கில் 330 கிலோதான் இடம்மாறும். பத்திலொரு பங்கு குறைந்திருக்கிறது. நன்மைதான், ஆனால் கார் பார்வைக்கு மாறுவது போல் ஓட்டத்தில் அவ்வளவு பெரிதாக மாறவில்லை. அந்த 5 சென்ரிமீற்றருக்காக, சில்லு மேலும் கீழும் அசையும் இடத்தை இழக்கிறோம். அசைய இடமில்லாத சில்லு ஒரு குழியில் விழுந்தால் சஸ்பென்ஷன் அடியில் மோதும், ரயர் துள்ளி நிலத்தை விட்டெழும். துள்ளும் ரயருக்குப் பிடிப்பே இல்லை.

இதனால்தான் ஸ்பிறிங்கை வெட்டிக் காரைப் பதிப்பதை நாம் கண்டிப்பாக வேண்டாம் என்கிறோம். வெட்டிய ஸ்பிறிங் இறுக்கமாகிவிடும். பழைய சொக் அப்சோபர் அதை அடக்கப் போதாது. சில்லு கீழே தொங்கும்போது ஸ்பிறிங் அதன் இருக்கையிலிருந்து நழுவவும் கூடும். ஸ்பிறிங்கும் சொக் அப்சோபரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சோடியாக வாங்கப்படவேண்டும். அதற்குக் காசு இல்லையென்றால் உள்ள ஸ்பிறிங்கை வைத்துக்கொண்டு, தேய்ந்த றப்பர் புஷ்களையும் பழைய சொக் அப்சோபர்களையும் புதிதாக்கினாலே கார் வேறு காராகிவிடும்.

பூட்டியபின் சில்லுக் கோணம் பார்க்கவேண்டும். திடலுக்காகச் சில்லின் மேற்பக்கத்தை 2, 3 பாகை உள்ளே சாய்ப்பார்கள். வளைவில் கார் சாயும்போது ரயர் தட்டையாக நிலத்தைத் தொடுவதற்காக அது. அதே காரை நாளாந்தம் வேலைக்கும் ஓட்டினால் ரயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்து கம்பி தெரியும். அடிக்கடி குனிந்து பார்க்காவிட்டால் நெடுஞ்சாலை 401இல் ரயர் வெடித்த பிறகுதான் தெரியவரும்.

முன்சில்லால் இழுபடும் கார்கள் வளைவில் நேரே போகப் பார்க்கும். அதைத் திருத்தப் பின்பக்கத் தண்டைத் தடிப்பாக்குவது வழக்கம். காய்ந்த திடலில் இது அருமையாக வேலை செய்யும். மழையிலோ பனியிலோ, வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் காரின் வால் சுழன்றுவிடும். புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைக்கும் எமது குளிர்கால வீதிகளுக்கும் இது ஏற்றதல்ல.

எஞ்சினில் வலு எங்கிருந்து வருகிறது?

ஹொண்டா சிவிக்கையே உதாரணமாக எடுப்போம். ஒன்ராறியோவின் அலிஸ்ரனில் ஹொண்டா ஆலை 1986இல் திறக்கப்பட்டது. சிவிக் அங்கேயும் தயாராகிறது. 1990களின் இறுதியில் சாதாரண சிவிக்கின் 1.6 லீற்றர் எஞ்சின் 106 குதிரைவலு. 1999, 2000ஆம் ஆண்டுகளில் கனடாவில் விற்ற சிவிக் எஸ்ஐஆரில் இருந்ததும் 1.6 லீற்றர்தான். அது தந்தது 160 குதிரைவலு.

அளவு ஒன்று, வலு ஒன்றரை மடங்கு. எப்படி? முறுக்கு விசையைப் பார்த்தால் முன்னையது 103 இறாத்தல்-அடி, பின்னையது 111. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முதலாவது எஞ்சின் தன் முழு வலுவை நிமிடத்துக்கு 6200 சுற்றில் தருகிறது, மற்றது 7600 சுற்றில். முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் வருவதே குதிரைவலு. அதிவேகச் சுழற்சியிலும் மூச்சு முட்டாதபடி வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் இரட்டைத் தண்டு ஏற்பாடும், கூடிய அமுக்கமும், அதைத் தாங்கும் உறுதியான பாகங்களும் சேர்ந்தே அந்த வலுவைத் தந்தன.

இதிலிருந்து விளங்குவது ஒன்று. காற்று வடிகட்டியையும் பின்பக்கப் புகைக்குழாயையும் மட்டும் மாற்றினால் சத்தம் கூடும், வலு அவ்வளவாகக் கூடாது. எஞ்சின் முழுவதுமே சுலபமாக மூச்சுவிட வேண்டும். அதற்கேற்ப எரிபொருளையும் தீப்பொறியையும் அளக்கும் கொம்பியூட்டரும் மாறவேண்டும். இதனால்தான் அனுபவசாலிகள் சாதாரண எஞ்சினைக் கிண்டாமல், இன்ரெக்றா போன்ற காரிலிருந்து எஞ்சின், கியர்ப்பெட்டி, கொம்பியூட்டர் எல்லாவற்றையும் முழுதாக எடுத்துச் சிவிக்கில் இறக்குகிறார்கள்.

அப்படி எஞ்சின் வாங்கும்போது விற்பவரின் பெயர், எஞ்சின் இலக்கம், எந்த வாகனத்திலிருந்து எடுத்தது என்பவை எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. திருட்டுப் பொருள் எனத் தெரிந்தும் அதை வைத்திருப்பது குற்றவியல் சட்டத்தில் குற்றம். "மலிவாகக் கிடைத்தது" என்ற பதில் பொலிசாரிடம் எடுபடாது.

காற்றைத் திணிக்கும் ரேபோ பூட்டுவது இன்னொரு வழி. வலு சட்டென்று ஏறும், அதோடு வெப்பமும் ஏறும். றேடியேற்றர், ஒயில் குளிரூட்டி, கிளச், கியர்ப்பெட்டி எல்லாம் அந்தச் சுமையைத் தாங்கவேண்டும். திடலில் இன்னொரு சங்கதியும் உண்டு. நீண்ட வளைவில் ஒயில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் ஒயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். சில செக்கன்களில் பெயரிங் கருகி எஞ்சின் இறுகிவிடும். ஒயில் தட்டினுள் தடுப்புப் பூட்டுவதும், ஒயில் அளவையும் அமுக்கத்தையும் கவனிப்பதும் ரேபோவுக்கு முன் வரவேண்டிய செலவுகள்.

வீதியில் ஓட்டினால்

இனி வருவது எமது குடும்பங்களுக்கு மிக முக்கியம்.

2006 ஜனவரியில் ரொறன்ரோ மவுண்ட் பிளெசன்ட் வீதியில் 18 வயது இளைஞர் இருவர் பெற்றோரின் கார்களில் போட்டிபோட்டு ஓடினர். ஒரு ரக்சிச் சாரதி உயிரிழந்தார். பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளி அவர். இன்னும் சில நாட்களில் கனடியக் குடியுரிமை பெறவிருந்தவர். எங்களைப் போல் வந்த ஒருவர்.

அடுத்த ஆண்டு, 2007இல், ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவு கடுமையாக்கப்பட்டது. 2021இல் மேலும் இறுக்கப்பட்டது. வேக எல்லை 80க்குக் குறைந்த வீதியில் எல்லையைவிட 40 கிலோமீற்றரோ, மற்ற வீதிகளில் 50 கிலோமீற்றரோ கூட ஓடினால் போதும், போட்டி போட்டிருக்க வேண்டியதில்லை. அந்த இடத்திலேயே 30 நாட்களுக்கு லைசென்ஸ் இடைநிறுத்தம், 14 நாட்களுக்குக் கார் பறிமுதல். குற்றம் நிரூபிக்கப்பட்டால் தண்டப்பணம் குறைந்தது 2000 டொலர், கூடியது 10,000 டொலர். 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். முதற்தடவையே குறைந்தது ஒரு வருடம் லைசென்ஸ் போகும். வீதியில் மட்டுமல்ல, கடைகளின் வாகனத் தரிப்பிடங்களில் காரைச் சுழற்றி விளையாடுவதும் இச்சட்டத்துக்குள் வரும்.

கார் யாருடையது என்பதைப் பொலிசார் பார்ப்பதில்லை. அப்பா அதிகாலையில் வேலைக்குப் போகும் கார் என்றாலும் 14 நாட்களுக்கு உள்ளேதான். இழுத்துச் சென்ற கூலியும் தரிப்புக் கூலியும் உரிமையாளர் தலையில் விழும்.

அதைவிடப் பெரிய விடயம் ஒன்று. 172ஆம் பிரிவு மாகாணக் குற்றம். ஆனால் வீதிப் போட்டி ஆபத்தான முறையில் வாகனம் செலுத்துதல் என்ற குற்றவியல் குற்றச்சாட்டாகவும் மாறலாம். 2018 டிசெம்பர் 18 முதல் அதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. 10 ஆண்டு உச்சத் தண்டனையுள்ள குற்றம் குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றமாகக் கொள்ளப்படும். நீதிமன்றம் சிறிய தண்டனையே கொடுத்தாலும், குடியுரிமை பெறாத ஒருவரின் நிரந்தர வதிவுரிமைக்கே ஆபத்து வரலாம். எத்தனை அலுவலகப் படி ஏறி, எத்தனை வருடம் காத்திருந்து பெற்ற வதிவுரிமை! ஒரு சனிக்கிழமை இரவு அதைப் பணயம் வைக்கலாமா? இப்படியான குற்றச்சாட்டு வந்துவிட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியைக் கட்டாயம் காணவேண்டும்.

காரில் செய்யும் சில மாற்றங்களும் வீதிக்கு ஆகாதவை. நைற்றஸ் வாயுத் தொகுதியை இணைத்தபடி வீதியில் ஓடுவது குற்றம். சைலன்சர் ஒழுங்காக வேலை செய்யவேண்டும், அதைத் தவிர்த்துச் செல்லும் குழாய் கூடாது. புகையைச் சுத்திகரிக்கும் பெட்டியைக் கழற்றுவதும் சட்டவிரோதம். 1999இல் தொடங்கிய றைவ் கிளீன் புகைப் பரிசோதனை 2019இல் சாதாரண கார்களுக்கு நிறுத்தப்பட்டது உண்மை. பரிசோதனை நின்றதே ஒழியச் சட்டம் நிற்கவில்லை.

காப்புறுதியை மறக்கக்கூடாது. எஞ்சினையோ சஸ்பென்ஷனையோ மாற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும். அறிவிக்காத மாற்றம் விபத்து நாளில்தான் வெளிவரும், நட்டஈடு கேட்கும்போது அதுவே தடையாகலாம். ஒன்ராறியோவின் பொதுவான கார்க் காப்புறுதி பந்தயத்தையும் வேகப் பரீட்சையையும் ஏற்காது. திடலுக்குப் போகும் நாளுக்கென்று தனியாகக் காப்புறுதி எடுக்கும் வசதி உண்டு.

அப்படியானால் எங்கே ஓட்டுவது?

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, 100 கிலோமீற்றர் அளவில், போமன்வில்லுக்கு அருகே மொஸ்போட் திடல் இருக்கிறது. 1961இல் திறக்கப்பட்ட இத்திடலில்தான் 1967இல் கனடாவின் முதலாவது போர்மியூலா 1 உலகப் பந்தயம் நடந்தது, ஜாக் பிரபாம் வென்றார். 2012 முதல் அதன் பெயர் கனேடியன் ரயர் மோட்டர்ஸ்போட் பார்க். நீளம் ஏறக்குறைய 4 கிலோமீற்றர், 10 வளைவுகள். ஏற்றமும் இறக்கமுமாகப் போகும் வேகத் திடல் அது. அங்கு சாதாரண கார்களைக் கொண்டுபோய்ப் பயிற்றுநருடன் ஓடிப் பழகும் நாட்கள் நடத்தப்படுகின்றன. காரைப் பரிசோதிப்பார்கள், தலைக்கவசம் கட்டாயம்.

தொடக்கக்காரருக்கு அதைவிட மலிவானது ஓட்டோ ஸ்லாலம். பெரிய வெறுந் தரிப்பிடத்தில் கூம்புகளை வைத்து, ஒவ்வொரு காராக நேரத்தோடு போட்டி போடுவார்கள். வேகம் குறைவு, தவறினால் கூம்புதான் விழும். கனடிய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் ஒன்ராறியோப் பிராந்திய அமைப்பில் சேர்ந்துள்ள கழகங்கள் இவற்றை நடத்துகின்றன. சும்மா பார்த்துவரவும் நல்லது. 1986இல் தொடங்கி எக்சிபிஷன் பிளேஸ் பகுதியில் நடந்துவந்த இண்டி கார்ப் பந்தயம் 2026 முதல் மார்க்கத்துக்கு மாறும் என 2025 செப்ரெம்பரில் அறிவிக்கப்பட்டது. எம்மவர் செறிந்து வாழும் நகரம் அல்லவா!

திடல் ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடு சாட்சி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. இலங்கையிலும் கட்டுக்குருந்தையில் அப்படியே பழைய விமான ஓடுபாதைதான் பந்தயத் திடலாகியது. 1990இல் சிறிபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தின் நிரந்தரத் திடல் வந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் பணக்காரரின் வெளிநாட்டுக் கார்களுக்கு மட்டும் பந்தயம் என்ற நிலையை மாற்ற நினைத்தார். வீதியில் ஓடிய சாதாரண மாருதி 800இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். போர்மியூலா மாருதி என்ற அந்தக் கார் மலிவாக இருந்தபடியால் பல இளைஞர் அதில் பழகினர். அப்படிப் பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓடி, போர்மியூலா 1இல் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். கரிவரதன் அதைக் காண இருக்கவில்லை, 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவையில் உள்ள பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிள்ளையிடம் கேட்க வேண்டியவை

கோபிக்காமல், கராஜுக்குள் போய்ப் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

1. தம்பி, பிறேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினாய்?
2. இந்த ஸ்பிறிங்குக்குப் பொருத்தமான சொக் அப்சோபர்தானா இது?
3. இந்தச் சாமானுக்குப் பற்றுச்சீட்டு எங்கே?
4. காப்புறுதிக்காரருக்கு அறிவித்தாயிற்றா?
5. இந்தக் காரை எங்கே ஓட்டப்போகிறாய்?

முதல் நான்குக்கும் ஒழுங்கான பதில் சொல்லும் பிள்ளைக்குக் கைவேலையில் உண்மையான நாட்டம் இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நாட்டத்தை வீணாக்க வேண்டாம். ஒன்ராறியோவில் வாகனத் திருத்துநர் தொழில் சான்றிதழ் கட்டாயமான தொழில். 310எஸ் என்று அழைப்பார்கள். ஏறத்தாழ 7200 மணிநேரப் பயிற்சி, அதில் பெரும்பகுதி சம்பளத்தோடு வேலைத்தளத்தில். உயர்பாடசாலையில் 11ஆம், 12ஆம் வகுப்புப் படிக்கும்போதே இளையோர் தொழிற்பயிற்சித் திட்டத்தின் மூலம் இதைத் தொடங்கலாம். பாடசாலை வழிகாட்டி ஆசிரியரிடம் கேளுங்கள். ஸ்காபுறோவில் சென்ரெனியல் கல்லூரியின் அஷ்ரன்பீ வளாகம் வாகனத் தொழிற்கல்விக்கே பெயர்பெற்றது. டொக்ரர், எஞ்சினியர் என்று மட்டும் கனவு காணும் வீடுகளில் இதையும் ஒரு படிப்பாகக் கருதவேண்டும் என்பது எமது பணிவான வேண்டுகோள்.

ஐந்தாவது கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் சரி: திடலில். வேறு பதில் வந்தால் காரின் திறப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார் உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்த இதழில்: குளிர்கால ரயர் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை.